பொடியாக்கிய கனிமத்தில் ராமன் நிறமாலை கெடும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

லேசர் பட்டதும் கனிமம் அலைநீளம் மாற்றிச் சிதறும் ஒளியின் வரைபடம்தான் ராமன் நிறமாலை. கல்லாக இருந்தபோது அதில் கூர்மையான முகடுகளைக் கொடுத்த கனிமம், அரைத்துப் பொடியாக்கியதும் இரைச்சல் மிகுந்த, சரிவான ஒரு கோட்டைக் கொடுக்கிறது. உடனே பலரும் சொல்வது: "துகள் அளவு மாறியதால் ராமன் முகடே மாறிவிட்டது." பெரும்பாலும் அது தவறான முடிவு. கனிமத்தின் அதிர்வெண்ணை அதன் படிகக் கட்டமைப்புதான் தீர்மானிக்கிறது. 100 மைக்ரான் குவார்ட்ஸுக்கும் 2 மைக்ரான் குவார்ட்ஸுக்கும் முக்கிய முகடு அதே 464 செ.மீ⁻¹ இடத்தில்தான் இருக்கும். சில பத்து நானோமீட்டருக்குக் கீழே போனால்தான் அளவு முகட்டின் இடத்தையே தொட ஆரம்பிக்கும். கையால் அரைத்து அந்த அளவை எட்டுவது அபூர்வம்.

அகச்சிவப்பு எதிரொளிப்பு அளவீட்டில் பழகியவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் கூடுதலாக இருக்கும். அங்கே துகள் சிறுத்தால் பட்டைகளின் உருவமே மாறும், சில தலைகீழாகக்கூடத் திரும்பும். ராமனில் அப்படி இல்லை. மைக்ரான் அளவில் துகள் மாறும்போது மாறுவது மூன்று: ஒளி பொடிக்குள் போகும் பாதை, வெப்பம் வெளியேறும் வழி, லேசர் புள்ளிக்குள் சிக்கும் துகள்களின் எண்ணிக்கை. கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றால் வருபவை. மீதி, அரைக்கும் வேலையே கொண்டுவருபவை. (இனி முகடுகளைச் சொல்லும்போது எண்ணை மட்டும் தருகிறேன், எல்லாமே செ.மீ⁻¹ என்ற அலை எண் அலகில். 532, 633, 785 என்று லேசருக்குத் தரும் எண்கள் மட்டும் நானோமீட்டர்.)

தொடங்கும் முன்

மாதிரியில் ஒரு பகுதியை அரைக்காமல் தனியே எடுத்து வையுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அரைத்ததைத் திரும்பக் கல்லாக்க முடியாது. ஒப்பிட மூலத்துண்டு கையில் இல்லையென்றால் பாதிச் சந்தேகங்களைத் தீர்க்கவே முடியாது.

அடுத்து சிலிக்கான் தகட்டை அளந்து, முகடு 520.7-க்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோளாறு பொடியில் இல்லை, கருவியில்.

பிறகு இரண்டு எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று துகளின் அளவு. இன்னொன்று லேசர் புள்ளியின் விட்டம். இரண்டாவதைக் கணக்கிட, அலைநீளத்தை 1.22 ஆல் பெருக்கி லென்ஸின் எண் துளையால் வகுத்தால் போதும். எண் துளை என்பது லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைச் சேர்க்கிறது என்பதைச் சொல்லும் எண், லென்ஸின் மேலேயே பொறித்திருக்கும். 532 நானோமீட்டர் லேசரும் 0.9 எண் துளை கொண்ட 100 மடங்கு லென்ஸும் என்றால் புள்ளி சுமார் 0.7 மைக்ரான். 0.25 எண் துளை கொண்ட 10 மடங்கு லென்ஸில் அதே லேசர் 2.6 மைக்ரான். இவை கொள்கையளவில் கிடைக்கும் மிகச் சிறிய அளவுகள். நடைமுறையில், அதுவும் பொடியில், புள்ளி இதைவிடப் பரந்திருக்கும்.

அறிகுறி: இடம் சரி, ஆனால் முகடுகள் தாழ்ந்துவிட்டன

முதலில் சந்தேகிக்க வேண்டியது குவியத்தை. குவிய ஆழம் ஏறக்குறைய அலைநீளத்தை எண் துளையின் வர்க்கத்தால் வகுத்தது. 532 லேசரில் 100 மடங்கு லென்ஸுக்கு அது 0.7 மைக்ரானுக்கும் குறைவு. 10 மடங்கு லென்ஸுக்கு 8 மைக்ரானைத் தாண்டும். 50 மைக்ரான் துகள்கள் குவிந்த மேட்டுப்பள்ளப் பரப்பில் 100 மடங்கு லென்ஸை வைத்தால், பரப்பின் மிகச் சிறு பகுதிதான் ஒரு நேரத்தில் குவியத்தில் இருக்கும்.

இரண்டாவது காரணம் ஒளிச்சிதறல். ஒவ்வொரு துகளின் பரப்பிலும் ஒளி சிறிது திரும்புகிறது, சிறிது வளைகிறது. துகள் சிறுத்தால் ஒரே தடிமனில் இப்படிப்பட்ட பரப்புகள் பெருகும். லேசர் ஒளி குவியப் புள்ளியை விட்டுப் பக்கவாட்டில் அலைந்து போய்விடும். அங்கே உண்டான ராமன் ஒளி வெளியே வந்தாலும் வேறு இடத்திலிருந்து வருவதால், கன்ஃபோகல் நுண்ணோக்கியின் ஊசித்துளை அதை உள்ளே விடாது. ஒளி தொலைந்துவிடவில்லை, நீங்கள் பார்க்காத இடத்திலிருந்து வெளியே வருகிறது.

இதனால் இங்கே முதல் கை வைக்க வேண்டியது லேசர் திறனில் அல்ல. திறனைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பொடியில் அதுதான் ஆபத்தானதும்கூட, ஏன் என்று பின்னால் வருகிறது. குறைந்த உருப்பெருக்க லென்ஸுக்கு மாறுங்கள். ஊசித்துளையைத் திறந்து வையுங்கள். பொடியின் மேல் சுத்தமான கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்திப் பரப்பைச் சமமாக்கி, தகட்டை எடுத்துவிட்டு அளவிடுங்கள். அப்புறம் நேரத்தைக் கூட்டலாம். அகன்ற புள்ளி கொண்ட ஒளியிழை ப்ரோபில் இந்தத் தாழ்வு இதே அளவுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை, ஏனென்றால் அது அலைந்து வரும் ஒளியையும் சேர்த்துப் பிடிக்கிறது. இரண்டு கருவிகளில் எடுத்த உயரங்களை நேராக ஒப்பிட வேண்டாம்.

அறிகுறி: ஒவ்வொரு புள்ளியிலும் வேறு வேறு நிறமாலை

புள்ளி 2.6 மைக்ரான், துகள் 60 மைக்ரான் என்றால் நீங்கள் ஒரு நேரத்தில் பார்ப்பது ஒரே ஒரு படிகத்தை. இது பொடி அளவீடே அல்ல, தனிப் படிக அளவீடு. லேசர் ஒளி தளவிளைவு கொண்டது, அதாவது ஒரே தளத்தில் அதிர்வது, படிகம் எந்தத் திசையில் கிடக்கிறதோ அதைப் பொறுத்து முகடுகளின் உயரம் மாறும். கால்சைட்டில் 281-க்கும் 1086-க்கும் உள்ள உயர விகிதம் துகளுக்குத் துகள் மாறுவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஆலிவினில் 820, 850 பக்கத்து இரட்டை முகட்டில் ஒரு துகளில் முதலாவது ஓங்கும், அடுத்த துகளில் இரண்டாவது ஓங்கும். முகடுகளின் இடம் நிலையாக இருந்து உயரம் மட்டும் ஆடினால் அது திசைதான், வேதிமாற்றம் அல்ல.

தரவுத்தளத்தோடு ஒப்பிடுபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். ரஃப் (RRUFF) போன்ற கனிமத் தரவுத்தளங்களில் உள்ள நிறமாலைகளில் பல, குறிப்பிட்ட திசையில் வைத்த படிகத்தில் எடுத்தவை. நுண்பொடியின் விகிதம் அவற்றோடு அப்படியே பொருந்தாது. தேடல் மென்பொருள் குறைந்த மதிப்பெண் கொடுத்தால் முதலில் முகடுகளின் இடங்களைக் கண்ணால் சரிபாருங்கள்.

புள்ளிக்குப் புள்ளி கனிமமே மாறினால் அது வேறு பிரச்சினை, எண்ணிக்கைப் பிரச்சினை. பரப்பில் 5 விழுக்காடு மட்டும் இருக்கும் கனிமத்தை, துகள் புள்ளியைவிடப் பெரிதாக உள்ள பொடியில் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளியில் அது தவறிப்போகும் வாய்ப்பு 0.95. ஒருமுறையாவது அகப்படும் என்று 95 விழுக்காடு உறுதி வேண்டுமானால், ஒன்றையொன்று சாராத 59 புள்ளிகள் தேவை. 1 விழுக்காடு கனிமத்துக்கு 299 புள்ளிகள். பத்துப் புள்ளி அளந்துவிட்டு "இந்தக் கனிமம் இல்லை" என்று எழுதுவது நியாயமில்லை.

தீர்வு உங்கள் கேள்வியைப் பொறுத்தது. சராசரி வேண்டுமானால் நன்றாக அரையுங்கள், அல்லது புள்ளியை அகலமாக்குங்கள், அல்லது அளவிடும்போதே மாதிரியை நகர்த்திக்கொண்டே இருங்கள். அரிய கனிமத்தைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்றால் அரைக்கவே வேண்டாம். பெரிய துகளில் அது கலப்பில்லாத, வலுவான நிறமாலையைத் தரும். அரைத்துவிட்டால் மற்றவற்றின் நடுவே சிறு மேடாக மறைந்துபோகும். என்னைக் கேட்டால், தேடும் வேலைக்குப் பருமணியும் பொறுமையும்தான் சிறந்தவை.

அறிகுறி: பின்னணி ஏறிவிட்டது

முகடுகளின் அடியில் உள்ள சரிவு பெரிதாகி அவற்றை விழுங்குகிறது. நுண்துகள்களுக்கு ஒரே எடையில் பரப்பு அதிகம். 50 மைக்ரான் துகளை 5 மைக்ரானாக்கினால் மொத்தப் பரப்பு பத்து மடங்காகும். பரப்பில் ஒட்டிய கரிமப் பொருள், கைரேகை எண்ணெய், கழுவிய கரைப்பானின் எச்சம் எல்லாமே ஒளிரக்கூடியவை. இதோடு கனிமத்தின் ராமன் முகடும் தாழ்ந்திருப்பதால் பின்னணி இரண்டு வகையில் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் மூலத்துண்டில் அளந்து பாருங்கள். அங்கும் பின்னணி இருந்தால் அது கனிமத்துக்கே உரியது. இல்லையென்றால் அரைத்தபோது ஏதோ சேர்ந்திருக்கிறது. சுத்தமான எத்தனாலில் கழுவி, உலர்த்தி, மறுபடி அளந்து பாருங்கள். அதே புள்ளியில் லேசரைச் சில நிமிடம் விட்டுவைத்தால் கரிம ஒளிர்வு மெல்லத் தணிவதும் உண்டு. கருநிறக் கனிமத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

ஒளிர்வா ராமனா என்ற சந்தேகத்தைத் தீர்க்க லேசரை மாற்றுவதே உறுதியான வழி. ராமன் முகடு அதே அலை எண் நகர்வில் நிற்கும், ஒளிர்வு அதே அலைநீளத்தில் நிற்கும். குரோமியம் கலந்த கொரண்டத்தின் 694.3 நானோமீட்டர் கோடு, 633 லேசரில் 1400 அருகில் ராமன் முகடு போலவே கூர்மையாக நிற்கும், பக்கத்தில் 1370-ல் இன்னொன்றும் நிற்கும். 532-க்கு மாறினால் இரண்டும் 4400 பக்கம் ஓடிவிடும். 785 லேசரில் அபடைட், ஃப்ளூரைட் போன்றவற்றில் அருமண் அயனிகளும் இதே வேலையைச் செய்யும்.

அறிகுறி: கல்லில் இல்லாத முகடு பொடியில் இருக்கிறது

மூன்று இடங்களில் தேடுங்கள்: கல்வம், தாங்கும் தகடு, அரைத்த விதம்.

அகேட் கல்வத்தில் கொரண்டம், கார்னெட் போன்ற கடினமான கனிமத்தை அரைத்தால் கல்வமும் தேயும். 464-ல் குவார்ட்ஸ் முகடு தெரியும். அது மாதிரியின் குவார்ட்ஸா, கல்வத்தினுடையதா? பக்கத்தில் 501-ஐப் பாருங்கள். அகேட்டில் மோகனைட் என்ற சிலிக்கா கலந்திருப்பது வழக்கம், அதன் முகடு அங்கேதான். 464-உம் 501-உம் சேர்ந்து வந்தால் கல்வத்தின் மேல் சந்தேகம் வலுக்கும். மாதிரியே சர்ட் (நுண்குவார்ட்ஸால் ஆன) பாறையாக இருந்தால் இந்தச் சோதனை செல்லாது, அதிலும் மோகனைட் இருக்கலாம். அலுமினா கல்வம் என்றால் 418-ஐயும், மேலே சொன்ன குரோமியம் கோடுகளையும் தேடுங்கள்.

பொடியை மெல்லிய படலமாகப் பரப்பினால் அடியில் உள்ள தகடும் பேசும். சாதாரண நுண்ணோக்கிக் கண்ணாடி 785 லேசரில் 1400-ஐ ஒட்டிப் பரந்த மேடு ஒன்றைத் தரும். கால்சியம் ஃப்ளூரைடு தகடு 322-ல் ஒரே ஒரு முகடு தரும். அலுமினியத் தாள் விரித்து, பொடியைக் கனமாகக் குவிப்பது எளிய வழி.

கவனம் அதிகம் தேவைப்படுவது மூன்றாவது. நீண்ட நேரம் உலர அரைத்தால் கனிமமே மாறக்கூடும். கால்சைட்டின் ஒரு பகுதி அரகோனைட்டாகும். இரண்டுக்கும் பெரிய முகடு 1085 பக்கமே இருப்பதால் அதை மட்டும் பார்த்தால் தெரியாது. 712-க்குப் பக்கத்தில் 705-உம், 206-உம் முளைக்கின்றனவா என்று பாருங்கள். ஜிப்சம் நீரை இழந்து பசனைட்டாகும், 1008 முகட்டோடு 1015-ல் தோள் எழும். குவார்ட்ஸ் துகளின் மேல்பரப்பு ஒழுங்கிழந்து கண்ணாடி போலாகும். எத்தனாலில் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு அரைப்பது நல்லது. ஒவ்வொரு கட்டத்திலும் சிறிது எடுத்து அளந்துவந்தால் மாற்றம் எப்போது தொடங்கியது என்றும் தெரியும்.

அறிகுறி: முகடு நகர்ந்து, அகன்று இருக்கிறது

இங்கே அவசரப்படாதீர்கள். "நானோ விளைவு" என்று எழுத எல்லோருக்கும் ஆசை வரும். பத்தில் ஒன்பது முறை வெப்பத்தை முதலில் விலக்கிக்காட்ட வேண்டியிருக்கும் என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

ஒற்றைக் கல்லில் லேசர் தந்த வெப்பம் கல் முழுவதும் பரவி வெளியேறிவிடும். தளர்ந்த பொடியில் ஒரு துகள் அடுத்ததைத் தொடுவது சில முனைகளில் மட்டும், நடுவில் காற்று. காற்று வெப்பத்தை மோசமாகக் கடத்தும். ஆகவே கல்லுக்குப் பாதுகாப்பான திறன் அதே கல்லின் பொடிக்குப் பாதுகாப்பானதல்ல. கருநிறக் கனிமங்களான மேக்னடைட், கோதைட், சல்ஃபைடுகள் ஆகியவற்றில் இதை நேரடியாகப் பார்க்கலாம். மேக்னடைட்டின் முகடு 668 அருகில். சூடேறினால் அது மங்கி, 225, 293, 411, 1320 என்று ஹேமடைட் முகடுகள் எழும். கோதைட்டின் 385-உம் அதே வழியில் மறையும். மாதிரியில் ஹேமடைட் இருந்ததாக எழுதிவிடுவோம், உண்மையில் அதை நம் லேசர்தான் செய்திருக்கும்.

சோதனை எளிது. புதிய ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து 0.1, 0.3, 1 மில்லிவாட் என்று ஏறுங்கள். பிறகு அதே புள்ளியில் 0.1-க்குத் திரும்பி வாருங்கள். முகடுகள் அசையவே இல்லையென்றால் வெப்பம் காரணமல்ல. திறன் ஏற ஏற நகர்ந்து, திரும்பியதும் பழைய இடத்துக்கு வந்தால் தற்காலிகச் சூடு. திரும்பியும் பழையபடி வரவில்லையென்றால் அந்தப் புள்ளியில் கனிமம் மாறிவிட்டது, அந்த நிறமாலையைத் தள்ளிவையுங்கள். இந்த ஏணிச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் இரும்பு ஆக்சைடு பொடியின் நிறமாலையை யாரும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சூடுதான் காரணம் என்றால் திறனைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். அதே திறனை அகன்ற புள்ளியில் பரப்பலாம். நீரில் கரையாத கனிமத்துக்கு ஒரு சொட்டு நீர் விட்டு அளக்கலாம், துகள்களுக்கு இடையே காற்றுக்குப் பதில் நீர் நிரம்பும். பொட்டாசியம் புரோமைடு பொடியோடு கலந்து செறிவைக் குறைப்பதும் உதவும், அதற்கு முதல்நிலை ராமன் முகடு கிடையாது. கலக்க மட்டும் செய்யுங்கள், சேர்த்து மறுபடி அரைக்காதீர்கள்.

சரி, மிகக் குறைந்த திறனிலும் முகடு அகன்றே இருக்கிறது, அப்போது? இப்போதுதான் படிகத்தின் அளவைப் பற்றிப் பேசலாம். நானோ அளவில் படிகம் சிறுத்தால் அதிர்வு அலை சிறு இடத்துக்குள் அடைபடுகிறது. பெரிய படிகத்தில் பங்கு பெறாத அதிர்வுகளும் நிறமாலையில் நுழைகின்றன, முகடு அகன்று ஒரு பக்கம் சாய்கிறது. சிலிக்கானில் 520.7 கீழே இறங்கி, இறங்கும் பக்கம் வால் நீளும். அனடேஸில் (டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு வடிவம்) 144 மேலே ஏறும். இந்த 144 முகடு சூடானாலும் மேலேதான் ஏறும், பொறியே அங்கேதான். சிலிக்கானிலும் இரண்டு விளைவுகளும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. நகர்வின் திசையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

வழக்கமாக அளப்பது லேசரைவிட ஆற்றல் குறைந்த பக்கத்து (ஸ்டோக்ஸ்) முகட்டை. உங்கள் கருவியின் வடிகட்டி எதிர்ப்பக்கத்தையும் காட்டுமானால், ஆற்றல் கூடிய பக்கத்து ஆன்டி-ஸ்டோக்ஸ் முகட்டையும் அளந்துவிடுங்கள். 144-க்கு ஆன்டி-ஸ்டோக்ஸ் உயரம் 300 கெல்வினில் ஸ்டோக்ஸ் உயரத்தில் சுமார் பாதி, 500 கெல்வினில் மூன்றில் இரண்டு பங்கு. கருவியின் உணர்திறனைத் திருத்திவிட்டுப் பார்த்தால் புள்ளியின் வெப்பநிலை தெரிந்துவிடும்.

இன்னொரு குழப்பம் சொற்களில் இருக்கிறது. சல்லடை தருவது துகளின் அளவு. முகட்டின் அகலம் பேசுவது துகளுக்குள் உள்ள படிகக் கட்டியின் அளவை. 5 மைக்ரான் துகள் ஒன்று 8 நானோமீட்டர் படிகக் கட்டிகள் ஒட்டிய கொத்தாக இருக்கலாம். அதைச் சல்லடை 5 மைக்ரான் என்றே சொல்லும், ராமன் நானோ என்று சொல்லும், இரண்டுமே சரி. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவின் முகட்டு அகலத்தோடு ஒப்பிட்டால் முடிவு உறுதிப்படும். கிராஃபைட்டில் 1350 டி பட்டைக்கும் 1580 ஜி பட்டைக்கும் உள்ள விகிதமும் படிக அளவையே காட்டுகிறது. ஆனால் அரைப்பதும் தேய்ப்பதும்கூட டி பட்டையை ஏற்றிவிடும். கார்பன் பொருளுக்கு அரைக்காத துண்டின் அளவீடு கட்டாயம்.

அறிகுறி: 200-க்குக் கீழே செங்குத்தான ஏற்றம், கூடவே மெல்லிய கோடுகள்

பொடி லேசர் ஒளியையே ஏராளமாகத் திருப்பி அனுப்புகிறது, வடிகட்டியால் அத்தனையையும் தடுக்க முடியவில்லை. மெல்லிய கோடுகள் வாயு லேசரின் பிளாஸ்மா கோடுகளாக, அதாவது லேசருக்குள் உள்ள வாயு தானே உமிழும் கோடுகளாக இருக்கும். ராமன் முகடே இல்லாத ஒரு பொடியை, உதாரணமாக உப்பை, அதே நிலையில் அளந்து பாருங்கள். அதிலும் அதே இடத்தில் வந்தால் கனிமத்தினுடையவை அல்ல. லேசர் பாதையில் தூய்மை வடிகட்டி போட்டால் போய்விடும்.

அறிகுறி: கலவையின் விகிதம் பொருந்தவில்லை

சம எடையில் குவார்ட்ஸும் கால்சைட்டும் கலந்து அரைத்தாலும், கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் கால்சைட் 3, குவார்ட்ஸ் 7. மென்மையானது மாவாகும், கடினமானது மணியாகவே நிற்கும். மாவு மணியின் மேல் பூசிக்கொள்ளும், லேசர் முதலில் சந்திப்பது பூச்சை. மேக்னடைட் போன்ற கருந்தூள் கொஞ்சம் சேர்ந்தாலே மற்றவற்றின் ஒளியையும் உறிஞ்சி எல்லாவற்றையும் தாழ்த்திவிடும். கிண்ணத்தைத் தட்டினால் நுண்துகள் இடுக்குகள் வழியே அடிக்கு இறங்கி, மேலே பருமணி மட்டும் நிற்கும். அளப்பதற்கு முன் தட்டிச் சமப்படுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சல்லடையில் பிரித்த பருமணியும் உலர்ந்த நிலையில் சுத்தமாக இருப்பதில்லை, மேலே நுண்தூள் ஒட்டியிருக்கும். எத்தனாலில் அலசி ஊற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். சல்லடைக்கு அடங்காத நுண்பொடியை நீரில் படியவிட்டுப் பிரிக்கலாம். 20 டிகிரி நீரில் 10 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறக்குறைய 18 நிமிடம் எடுக்கும், 2 மைக்ரான் துகளுக்கு 8 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

அளவுத்திருத்தத்துக்கான கலவைகளையும் மாதிரியோடு ஒரே கல்வத்தில், ஒரே நேரம், ஒரே முறையில் அரைத்துத் தயாரியுங்கள். தனித்தனியே அரைத்த தூய பொடிகளைக் கடைசியில் கலந்து வரைந்த திருத்தக் கோடு, சேர்த்து அரைத்த பாறைக்குப் பொருந்தாது. அரைத்த நேரத்தையும் பயன்படுத்திய சல்லடையின் அளவையும் நிறமாலைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து விகிதம் பொருந்தாமல் போகும்போது முதலில் தேட வேண்டியிருப்பது அந்த இரண்டையும்தான்.